50 மணிக்கே கூலி இல்லை, 144 மணி எதற்கு?

கர்நாடகத்தில் கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்களின் வேலை நேரத்தைக் கூட்டும் பேச்சு அடங்குவதும் மறுபடி கிளம்புவதுமாக இருக்கிறது. 2024 ஜூலையில் 14 மணி நேர வேலைநாள் என்ற யோசனை வெளியே தெரிந்ததும், கே.ஐ.டி.யு. என்ற ஐ.டி. ஊழியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அரசு தானாகக் கொண்டுவந்த யோசனை இல்லை, தொழில் துறையினரின் நெருக்குதல் இருக்கிறது என்று தொழிலாளர் துறை அமைச்சர் சந்தோஷ் லாட் சொன்னார். பேச்சு கிடப்புக்குப் போனது. 2025 ஜூனில் வேறு எண்களோடு திரும்பி வந்தது. ஒரு நாள் வேலை 9 மணியிலிருந்து 10 மணி நேரமாகும்; ஓ.டி. எனும் கூடுதல் நேர வேலையையும் சேர்த்தால் 12 மணி வரை போகலாம். மூன்று மாதத்துக்கு 50 மணி என்றிருக்கும் ஓ.டி. உச்சவரம்பு 144 மணியாகும். ஆந்திரமும் தெலங்கானாவும் மகாராஷ்டிரமும் அதே ஆண்டில் இதே திசையில்தான் நகர்ந்தன.

விவாதம் நடந்ததெல்லாம் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியையும் ஒயிட்ஃபீல்டையும் மனதில் வைத்து. ஐ.டி. ஊழியர்களின் கோபம் நியாயமானது. ஆனால், திருத்த நினைப்பது ஐ.டி. துறைக்கென்று தனியாக எழுதிய சட்டம் இல்லை. அது 1961ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம். காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் மளிகைப் பொட்டலம் கட்டும் பையனுக்கும், வீலர் ரோடு பக்கம் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி புடவை விரித்துக் காட்டும் பெண்ணுக்கும், மருந்துக்கடை, பேக்கரி, பியூட்டி பார்லர், செல்போன் கடை என்று அந்த வட்டாரத்தில் சம்பளத்துக்கு நிற்கும் அத்தனை பேருக்கும் கையில் இருக்கும் சட்டம் அதுதான். அவர்களிடம் போய் யாராவது கருத்துக் கேட்டிருந்தால் முதல் கேள்வியே வேறாக இருந்திருக்கும். இப்போது சட்டத்தில் இருக்கிற 50 மணிக்கே இரட்டிப்புக் கூலி வாங்கியவர் எத்தனை பேர்?

இதைப் பார்க்க காக்ஸ் டவுனைவிட நல்ல இடம் பெங்களூரில் குறைவு. 1809இல் ஆங்கிலேயர் படைமுகாம் போட்டதிலிருந்து தண்டுப் பகுதிக்குத் தமிழர்கள் கூலிகளாகவும் சமையல்காரர்களாகவும் வியாபாரிகளாகவும் வந்து குடியேறிய பூமி இது. ஜீவனஹள்ளி, தொட்டிகுண்டா, மாருதி சேவா நகர் சந்துகளில் இன்றும் வீட்டுப் பேச்சு தமிழ்தான். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் பானசவாடி சாலையில் ஒரு காலத்தில் சிகரெட் தொழிற்சாலை. அதே வட்டாரத்தில் இன்று ஐ.டி.சி. இன்ஃபோடெக். ஆலைத் தொழிலாளியாக இருந்தவரின் பேரன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான், அதே தெருவில் இன்னொருவரின் பேத்தி சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். தாத்தாவுக்குத் தொழிற்சாலைச் சட்டம் இருந்தது, ஷிப்டு முடிந்தால் கேட்டைத் திறந்துவிட்டார்கள், கேள்வி கேட்க யூனியன் இருந்தது. பேரனும் பேத்தியும் ஒரே கடைகள் சட்டத்துக்குள் இருக்கிறார்கள். பேரனுக்காகப் பேசச் சங்கம் ஒன்று முளைத்துவிட்டது. பேத்திக்கு இன்னும் யாருமில்லை.

அந்தப் பேத்திக்குச் சட்டம் கொடுத்திருப்பது கொஞ்சநஞ்சமில்லை. ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்புக் கூலி. சரக்கு இருப்பெடுக்கும் நாள்கள் போன்ற விலக்குகள் தவிர, ஓ.டி.யோடு சேர்த்தும் ஒரு நாளில் 10 மணியைத் தாண்டக் கூடாது. 5 மணி நேரம் தொடர்ந்து நின்றால் ஒரு மணி நேர ஓய்வு. ஓய்வையும் சேர்த்து மொத்த இருப்பு 12 மணிக்குள் அடங்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு லீவு. அது போக, உடம்புக்கு முடியவில்லை, அடிபட்டது, வேறு நியாயமான காரணம் என்றால் ஆண்டுக்கு 12 நாள். எடுக்காமல் சேர்ந்த லீவை 45 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். முன்பு 30 நாளாக இருந்ததை 2020 திருத்தம் 45 ஆக்கியது. இவற்றுக்கெல்லாம் வெளியே 1963ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 ராஜ்யோத்சவம் ஆகியவற்றோடு பண்டிகை நாள்களையும் சம்பளத்தோடு தருகிறது. அந்த நாளில் வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் சம்பளமும் மாற்று விடுமுறையும்.

இதைப் பணமாக மாற்றிப் பார்க்காமல் இதன் கனம் புரியாது. மாதம் 15,600 ரூபாய் சம்பளம் வாங்கும் விற்பனைப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 26 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 600 ரூபாய். 8 மணிக்குப் பிரித்தால் மணிக்கு 75. கடை காலை 9 மணிக்குத் திறக்கிறது, இரவு 9 மணிக்கு ஷட்டர் இறங்குகிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் உண்மையிலேயே கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும் 11 மணி நேர வேலை. ஆறு நாளைக்கு 66 மணி. சட்டத்தின் 48ஐக் கழித்தால் வாரத்துக்கு 18 மணி ஓ.டி. இரட்டிப்பு விகிதத்தில் மணிக்கு 150 ரூபாய் என்றால் வாரத்துக்கு 2,700 ரூபாய். மாதச் சராசரி 11,700 ரூபாய். அவர் கையில் வாங்கும் சம்பளத்தில் முக்கால் பங்கு இது, ஒவ்வொரு மாதமும் அவருக்குச் சேராமல் போகிறது. ஆண்டுக்கு 1,40,400 ரூபாய். பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வீட்டு அட்வான்ஸும் அடகிலிருக்கும் நகையும் அந்தத் தொகைக்குள் இருக்கின்றன.

லீவுக் கணக்கும் அப்படித்தான். ஆண்டுக்கு ஏறக்குறைய 300 நாள் வேலை செய்கிறவருக்கு 15 நாள் ஈட்டிய லீவு, 9,000 ரூபாய் மதிப்பு. நோய்க்கான 12 நாள் 7,200 ரூபாய். காக்ஸ் டவுன் கடைகளில் லீவு என்றால் அர்த்தம் வேறு. “நாளைக்கு லீவு வேணும்ண்ணா, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்” என்று கேட்டால், நல்ல முதலாளி “சரிம்மா, போய்ட்டு வா” என்பார். சம்பளத்தில் 600 ரூபாய் குறையும். கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் அதில் தப்பு எதுவும் தெரியாது. லீவு கொடுத்ததே பெரிய மனசு என்றுதான் இரண்டு பேரும் நினைக்கிறார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேலே போட்ட கணக்கில் அந்தப் பெண் மூன்று மாதத்தில், அதாவது 13 வாரத்தில், 234 மணி ஓ.டி. பார்க்கிறார். சட்டம் அனுமதிப்பது 50. கொண்டுவரத் துடிக்கும் 144கூட அதற்குப் போதாது. ஒரு நாளில் 11 மணி நேரம் என்பதும் இன்றைய சட்டப்படி குற்றம். திருத்தம் வந்தால் அந்த 11 மணி குற்றமில்லாமல் போகும், கூலி மட்டும் வராது. அவரைப் பொறுத்தவரை இந்தத் திருத்தம் புதிதாக வேலை வாங்கப் போவதில்லை. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கிற வேலையில் பெரும்பகுதிக்குச் சட்டத்தின் முத்திரையைக் குத்தப் போகிறது.

கூலி ஏன் வருவதில்லை என்பதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் நோட்டைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். நீளவாக்கில் கோடு போட்ட நோட்டு. இடது பக்கம் பெயர், மேலே தேதி. வந்தால் ஒரு டிக், வராவிட்டால் பெருக்கல் குறி, மதியம் போய்விட்டால் அரை. வந்த நேரத்துக்கும் போன நேரத்துக்கும் அதில் கட்டமே கிடையாது. மணிக்கணக்கு எழுதப்படாத இடத்தில் ஓ.டி. என்ற ஒன்று பிறப்பதே இல்லை. கொஞ்சம் பெரிய கடைகளில் நோட்டு போய் விரல்ரேகை மெஷின் வந்திருக்கிறது. காலையில் 15 நிமிடம் தாமதமாகக் கை வைத்தால் அரைநாள் சம்பளம் பிடிக்க அந்த மெஷின் பயன்படுகிறது. இரவு ஒன்பதரைக்குக் கை வைத்துவிட்டுப் போனதும் அதே மெஷினில்தான் பதிவாகிறது. அந்தப் பதிவை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

வேலைக்குச் சேர்ந்த 30 நாளுக்குள் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது கர்நாடகச் சட்டம். அதற்குக் கியூ படிவம் என்று பெயர். பெயர், வேலை, சம்பளம், சேர்ந்த தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். வருகையும் சம்பளமும் சேர்ந்த டி பதிவேடும் கடையில் இருக்க வேண்டும். கியூ படிவத்தைக் கண்ணால் கண்ட கடை ஊழியர்கள் ரொம்பக் குறைவு. அது இல்லாமல் ஒருவர் எந்தத் தேதியில் சேர்ந்தார் என்பதையே நிரூபிக்க முடியாது. சேர்ந்த தேதி தெரியாவிட்டால் லீவுக் கணக்கு தொடங்காது, வேலையை விடும்போது மிச்ச லீவுக்குப் பணம் கேட்க முடியாது. உரிமைகள் எல்லாம் அந்த ஒரு காகிதத்திலிருந்து தொடங்குகின்றன.

பெரிய நிறுவனங்களில் நிலைமை மேல் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. 2024இல் புனேயில் கணக்குத் தணிக்கை நிறுவனம் ஒன்றின் இளம் ஊழியர் இறந்த பிறகு மகாராஷ்டிரத் தொழிலாளர் துறை போய்ப் பார்த்தபோது, 2007 முதல் நடந்துவந்த அந்த அலுவலகத்துக்குக் கடைகள் சட்டப் பதிவே இல்லை என்று தெரியவந்தது. உலகப் பெயர் பெற்ற நிறுவனத்திடமே 17 ஆண்டுகள் யாரும் கேட்கவில்லை என்றால், ஜீவனஹள்ளி மெயின் ரோட்டுக் கடைக்கு யார் வந்து கேட்பார்கள்? பெங்களூரு ஐ.டி. நிறுவனங்களுக்கோ வேலை நிபந்தனைகளை எழுதிவைக்கச் சொல்லும் நிலையாணைச் சட்டத்திலிருந்து 2014 முதல் விலக்கு தரப்பட்டு, 2019லும் 2024லும் நீட்டிக்கப்பட்டது.

சம்பளத்தோடு லீவும் இரட்டிப்பு ஓ.டி.யும் மேலிருந்து யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தவை இல்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது அவர்களின் குறைகளில் முன்னால் நின்றது மதியச் சாப்பாட்டு நேரம். அரை மணி நேரத்துக்குள் கை கழுவி, சாப்பிட்டு, ஓடி வந்து தறிக்கு முன் நிற்க முடியவில்லை. சங்கம் அமைக்க முன்னின்ற செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும், பிறகு அதன் தலைவரான பி.பி. வாடியாவைத் தேடிப் போனது அதற்காகவும்தான். அந்த மில்லை நடத்திய பின்னி கம்பெனிதான் பெங்களூரிலும் மில் நடத்தியது. மறு ஆண்டு உருவான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே வேலை நேரம் பற்றியது. உலகத்துக்கு 48 மணி நேர வாரம் என்று எழுதிவிட்டு, பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 மணி என்று தனி ஏற்பாடு வைத்தார்கள்.

அந்த 60, 1934 தொழிற்சாலைச் சட்டத்தில் 54 ஆனது. 48 ஆனது 1946இல், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அம்பேத்கரிடம் இருந்த காலத்து வேலையின் பலனாக. இரட்டிப்பு ஓ.டி. கூலியும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1945இல், ஆலைத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளத்தோடு விடுமுறை என்ற திருத்தம் நிறைவேறியது. அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தோடு மட்டும் சேர்த்து நினைவில் வைத்திருக்கிறோம். ஊருக்குத் திருவிழாவுக்குப் போக ஒரு தொழிலாளி எடுக்கும் சம்பள லீவிலும் அவர் இருக்கிறார்.

ஓ.டி.க்கு இரட்டிப்பு என்று வைத்ததன் நோக்கம் தொழிலாளிக்குக் கொஞ்சம் கூடுதல் காசு கிடைக்கட்டும் என்பது மட்டுமில்லை. கூடுதல் நேரம் வேலை வாங்குவது முதலாளிக்கு வலிக்க வேண்டும். அந்தக் காசுக்கு இன்னொரு ஆளையே வைத்துக்கொள்ளலாமே என்று அவரை யோசிக்க வைக்க வேண்டும். உடம்புக்கும் அது காவல். வாரம் 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுகிறது என்றும், 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலை நேரத்தால் பக்கவாதத்திலும் இதயநோயிலும் இறந்தவர்கள் 7,45,000 பேர் என்றும் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாக மதிப்பிட்டன. நம் துணிக்கடைப் பெண்ணின் வாரம் 66 மணி. அதிலும் பெரும்பாலும் நின்றபடி. உட்கார ஒரு ஸ்டூல் போட வேண்டும் என்பதற்கே கேரளம் 2018லும் தமிழ்நாடு 2021லும் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

கொரோனா காலத்தில் இந்தக் காவலை எடுத்துவிடப் பல மாநிலங்கள் முயன்றன. குஜராத் அரசு வேலை நேரத்தைக் கூட்டியதோடு, ஓ.டி.க்கு இரட்டிப்புத் தர வேண்டாம், சாதாரணக் கூலி போதும் என்றும் அறிவித்தது. நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 2020 அக்டோபர் 1 அன்று அதை ரத்து செய்தது. பொருளாதார நெருக்கடியின் சுமையைத் தொழிலாளியின் தோளில் இறக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கர்நாடகமும் அந்த ஆண்டு மே மாதத்தில் தொழிற்சாலைகளுக்கு ஒரு நாள் 10 மணி, வாரம் 60 மணி என்று உத்தரவிட்டு, வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் ஜூனில் திரும்பப் பெற்றது. ஆனால் 2023இல் தொழிற்சாலைச் சட்டத்தையே திருத்தி, 12 மணி நேர ஷிப்டுக்கு வழி செய்து, மூன்று மாத ஓ.டி. வரம்பை 75 மணியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடும் 12 மணி நேர மசோதாவை நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் ஒன்றாக எதிர்த்ததும் நிறுத்திவைத்து, மே நாளன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சங்கம் வலுவாக இருக்கும் இடத்தில் அரசு பின்வாங்குகிறது. கடை ஊழியருக்குச் சங்கம் இல்லை என்று முன்னால் சொன்னதன் பொருள் இதுதான்.

கடைக்காரர்கள் தரப்பிலும் ஒரு கஷ்டம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. காக்ஸ் டவுனில் இரண்டு ஆள் வைத்து நடத்தும் மளிகைக்கடைக்காரர் தானும் அதே 12 மணி நேரம் நிற்கிறார். வாடகை ஏறுகிறது. பத்து நிமிடத்தில் வெங்காயம் கொண்டுவந்து தரும் செயலிகள் அவர் வாடிக்கையைத் தின்கின்றன. மேலே போட்ட கணக்குப்படி மாதம் 11,700 ரூபாய் ஒரு ஆளுக்குக் கூடுதலாகக் கொடு என்றால் கடையை மூட வேண்டியதுதான் என்பார். நம்புகிறேன். ஆனால் அதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. மாதம் அவ்வளவு கொடுக்க முடியாதவர் அவ்வளவு நேரம் ஒரே ஆளை நிறுத்த வேண்டியதில்லை. மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை மார்க்கெட்டில் ஈ ஆடுகிறது. ஒரு ஆளைக் காலையிலும் இன்னொரு ஆளை மதியத்துக்கு மேலும் வரச் சொல்லி நேரத்தை மாற்றி அமைத்தால் பாதி ஓ.டி. குறையும். செயலிக் கம்பெனிகளோடு போட்டி போட முடியாததற்கான விலையை அரசிடம் கேட்க வேண்டும், வரியில் கேட்கலாம், வாடகையில் கேட்கலாம். பில் போடும் பெண்ணிடம் கேட்கக் கூடாது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று கர்நாடகம் 2021 ஜனவரியில் அனுமதி கொடுத்தபோது நல்ல நிபந்தனைகள் வைத்தது. வார ஓய்வு கொடுக்கக் கூடுதல் ஆள் வேண்டும், ஓ.டி.யோடு 10 மணியைத் தாண்டக் கூடாது, சம்பளம் வங்கிக் கணக்கில் போட வேண்டும். அனுமதி உடனே நடைமுறைக்கு வந்தது. நிபந்தனைகளை யார் சரிபார்த்தார்கள்? வேலை நேரம் சம்பந்தமான எல்லா உத்தரவுகளிலும் இந்த ஓரவஞ்சனை இருக்கிறது. முதலாளிக்குத் தரும் பகுதி அன்றைக்கே நடக்கிறது, தொழிலாளிக்குத் தரும் பகுதி ஆய்வாளர் வந்தால்தான் நடக்கும்.

லீவு விஷயத்தில் கர்நாடகம் சமீபத்தில் நாட்டுக்கே முன்மாதிரியாக ஒன்றைச் செய்தது, அதை மனதாரப் பாராட்ட வேண்டும். 2025 அக்டோபரில் அமைச்சரவை ஒப்புக்கொண்டு, நவம்பரில் அரசாணையாக வந்த மாதவிடாய் லீவு. 18 முதல் 52 வயது வரையுள்ள பெண் ஊழியர்களுக்கு மாதம் ஒரு நாள், ஆண்டுக்கு 12 நாள், சம்பளத்தோடு. அரசு அலுவலகத்துக்கு மட்டுமின்றி தொழிற்சாலை, கடை, தோட்டம், பீடித் தொழில், மோட்டார் போக்குவரத்து என்று தனியார் இடங்களுக்கும் சேர்த்து. பெங்களூரு ஓட்டல் உரிமையாளர் சங்கம் நீதிமன்றம் போனது. டிசம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் காலையில் இடைக்காலத் தடை கொடுத்து, அரசுத் தரப்பு முறையிட்டதும் அன்றே அதைத் திரும்பப் பெற்றது. ஏற்கெனவே உள்ள சட்டங்கள் லீவைப் பற்றிப் பேசும்போது அரசாணையால் புது லீவு கொண்டுவரலாமா என்பது அந்த வழக்கின் கேள்வி. எனக்குத் தோன்றும் கவலை வேறு. ஈட்டிய லீவே சம்பளத்தோடு கிடைக்காத ஒரு கடையில், ஆண் முதலாளியிடம் போய் மாதவிடாய்க்கு லீவு வேண்டும் என்று இருபது வயதுப் பெண் எப்படிக் கேட்பாள்? கேட்டு வாங்க வேண்டிய நிலையில் ஓர் உரிமை இருக்கும் வரை, கேட்கத் துணிந்தவருக்கு மட்டுமே அது சேரும். அவளுடைய சம்பளச் சீட்டிலேயே அந்த 12 நாளும் அச்சாகி வந்தால் கேட்க வேண்டிய சங்கடம் பாதி தீரும்.

இந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்பவர்களும் காக்ஸ் டவுனில் உண்டு. ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன் வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகும் அக்காமார்களும், மேம்பாலத்தடியில் பைக்கை நிறுத்திக்கொண்டு அடுத்த ஆர்டருக்குக் காத்திருக்கும் தம்பிமார்களும். டெலிவரிக்காரர்களுக்காக 2025இல் வந்த செயலித் தொழிலாளர் நலச் சட்டம் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் 1 முதல் 5 சதவீதம் வரை நலக் கட்டணம் வாங்குகிறது, முன்னறிவிப்பு இல்லாமல் வேலையிலிருந்து தூக்குவதைத் தடுக்கிறது. நல்ல தொடக்கம். வேலை நேரத்தையும் சம்பள லீவையும் அது தரவில்லை. வீட்டு வேலைக்காரர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை 2004லேயே நிர்ணயித்த மாநிலம் கர்நாடகம். அவர்களுக்கான நலச் சட்ட வரைவு 2025இல்தான் வந்தது. அவர்கள் கதை தனியே விரிவாக எழுத வேண்டியது.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. மாநிலத்தின் கடைகள் சட்டம் அதனால் ஒழிந்துபோகவில்லை. புதிய தொகுப்புகளில் எனக்கு உடன்பாடில்லாத பகுதிகள் பல. ஆய்வாளரை ‘ஆய்வாளர் மற்றும் உதவியாளர்’ ஆக்கி, வழக்குப் போடும் முன் திருத்திக்கொள்ள முதலாளிக்கு வாய்ப்புக் கொடுத்தது அவற்றில் முதன்மையானது. ஆனால் ஊதியச் சட்டத்தொகுப்பில் தொழிலாளிக்குக் கிடைத்திருக்கும் மூன்று ஆயுதங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சம்பளச் சீட்டு கட்டாயம். பாக்கிக் கூலி கேட்கும் காலக்கெடு மூன்று ஆண்டு. பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் அது ஆறே மாதம். மூன்றாவதுதான் பெரியது. கூலி தரவில்லை, குறைத்துத் தந்தார்கள் என்று புகார் வந்தால், தந்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. கேட்டது நியாயம் என்று தெரிந்தால் அந்தத் தொகையோடு பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம். நம் துணிக்கடைப் பெண்ணின் ஆண்டு பாக்கி 1,40,400 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 4,21,200 ரூபாய். இந்தத் தொகையைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நோட்டில் நேரத்துக்கும் ஒரு கட்டம் போட வேண்டும் என்று கடைக்காரருக்கே தோன்றும்.

ஆகவே கர்நாடக அரசிடம் கேட்பது இது. 144 மணித் திருத்தத்தைக் கையில் எடுக்கும் முன் 50 மணிக்குக் கணக்குக் காட்டட்டும். பெங்களூரில் பதிவான கடைகளிலும் நிறுவனங்களிலும் கடந்த ஆண்டு எத்தனை இடத்தில் ஓ.டி. பதிவாகியிருக்கிறது, இரட்டிப்பு விகிதத்தில் எவ்வளவு கொடுக்கப்பட்டிருக்கிறது என்று வார்டு வாரியாக வெளியிடட்டும். வந்த நேரம், போன நேரம், அந்த மாத ஓ.டி., மிச்சம் இருக்கும் லீவு ஆகிய நான்கையும் சம்பளச் சீட்டில் கன்னடத்திலும் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியிலும் அச்சிடச் சொல்லட்டும். சீட்டு வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். விரல்ரேகை மெஷின் வைத்திருக்கும் கடை அதன் பதிவை மூன்று ஆண்டு அழிக்கக் கூடாது என்று ஒரு விதி வேண்டும். இதற்கெல்லாம் சட்டசபை கூட வேண்டியதில்லை, பெரும்பாலும் விதிகளைத் திருத்தினால் முடிந்துவிடும்.

புகார் கொடுக்கும் இடத்தையும் மாற்ற வேண்டும். தொழிலாளர் துறையின் கார்மிக பவன் பன்னேர்கட்டா சாலையில் இருக்கிறது. காக்ஸ் டவுனிலிருந்து ஊரின் மறுகோடி, பஸ் மாறிப் போக வேண்டும். அலுவலக நேரம் கடை நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. சம்பள லீவு கிடைக்கவில்லை என்று புகார் எழுத ஒருவர் ஒரு நாள் சம்பளத்தை இழந்து போக வேண்டியிருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், துறையின் அதிகாரி ஒருவர் இரவு 9 மணிக்குக் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் ஒரு மேசை போட்டு உட்காரட்டும். தமிழும் கன்னடமும் உருதுவும் தெரிந்த ஒரு குமாஸ்தா பக்கத்தில் இருந்தால் போதும். கடைகள் மூடும் நேரம் அது, வரவேண்டியவர்கள் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.